கொலைப்படம் பார்ப்பது பாவமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கான சமய வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு தம்பி, எப்போதும் பின்வரிசையில் உட்காருபவன், அன்றைக்கு நின்று உதவி செய்தான். எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணா, கொலைப்படம் பார்க்கிறது பாவமா?"

"என்ன மாதிரி படம்?"

"ஸ்கூல்ல நடக்கிற மாதிரி. முகமூடி போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான், ஒவ்வொருத்தரா போட்டுத் தள்ளுவான். அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து இதையா பார்க்கிறேன்னு அம்மா திட்டுனாங்க."

வயதுக்கு ஏற்றதைப் பார், பரீட்சைக்குப் படி என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். "எனக்குக் கொல்றவனைத்தாண்ணா பிடிக்குது." அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லிவிட்டுத் தேக்கா சென்டருக்குப் போய் ஒரு தே வாங்கி உட்கார்ந்தேன். குடிக்காமலே ஆறிப்போனது. ஏனென்றால், அவன் வயதில் எனக்கும் கொல்கிறவனைத்தான் பிடித்தது.

நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது விசிடி காலம். என் பெரியப்பா மகன் ஜோகூர் பாருவுக்குப் போனால் கட்டுக்கட்டாகப் படம் வாங்கி வருவார். அதில் ஒன்று 1986-ல் வந்த 'ஸ்லாட்டர் ஹை'. கதை அமெரிக்காவில் நடக்கும், எடுத்தது இங்கிலாந்தில். மார்ட்டி என்று ஒரு மாணவன். படிப்பாளி, கூச்ச சுபாவம். ஏப்ரல் முதல் தேதி அவனை முட்டாளாக்குகிறோம் என்று கூடப் படிக்கிறவர்கள் செய்யும் கேலி எல்லை மீறிப் போய் அவன் முகமே வெந்துவிடும். பல வருடம் கழித்து, பூட்டிக் கிடக்கும் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூடல் என்று அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். போனவர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். அவ்வளவுதான் படம். நடிப்பு சுமார், ரத்தம் சாயம் என்று நன்றாகவே தெரியும். அதை நான் ஐந்தாறு தடவை பார்த்தேன்.

ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் "த்ரில்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மை வேறு. என் வகுப்பில் நான்கு பேர் இருந்தார்கள். என் நிறத்தைச் சொல்லி ஒரு பெயர், தலையில் அம்மா தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெயைச் சொல்லி ஒரு பெயர். நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை டிஷ்யூவால் துடைப்பார்கள், வகுப்பே சிரிக்கும். வீட்டில் சொல்லவில்லை, ஆசிரியரிடமும் சொல்லவில்லை. விசிடியில் ஒவ்வொருவன் சாகும்போதும் அந்த நான்கு முகத்தில் ஒன்றை ஒட்டிக்கொள்வேன். படம் முடிந்ததும் நன்றாகத் தூக்கம் வரும்.

இந்த வகைப் படங்கள் ஏன் இத்தனை வந்தன என்பதற்குக் காசுக் கணக்கு ஒன்று உண்டு. ஜான் கார்பென்டர் 1978-ல் 'ஹாலோவீன்' எடுக்கச் செலவானது சுமார் 3 இலட்சம் அமெரிக்க டாலர். அது பல கோடி டாலர் வசூலித்தது. அதற்குப் பிறகு சின்ன முதலீட்டில் படம் எடுப்பவர்கள் எல்லாரும் இதே வழியில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ரொம்ப வசதியான இடம். தனியாக செட் போட வேண்டாம். நீளமான நடைபாதை, வரிசையாக லாக்கர், ஒரு உடற்பயிற்சிக் கூடம், ஒரு அறிவியல் கூடம். நடிக்கப் பெரிய பெயர்கள் வேண்டாம், இளம் முகங்கள் போதும். 1980-ல் வந்த 'ப்ராம் நைட்' பள்ளி நடன இரவில் நடக்கிறது. குழந்தைகளாக இருந்தபோது ஒரு சிறுமியின் சாவுக்குக் காரணமாகி, அதை மறைத்தவர்கள் ஆறு வருடம் கழித்துப் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் காசுக் கணக்கு எடுக்கிறவர்களுக்குத்தான். பார்க்கிற நமக்கு என்ன கிடைக்கிறது? நமக்குத் தெரிந்த இடம் கிடைக்கிறது. காட்டுப் பங்களாவில் நாம் வாழ்ந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் வாழ்ந்திருக்கிறோம். மாலை ஆறு மணிக்கு சி.சி.ஏ. முடிந்து, வகுப்பில் விட்ட தண்ணீர் போத்தலை எடுக்கத் தனியாக மாடி ஏறினால் ஒரு பயம் வருமே, அது எல்லாருக்கும் தெரியும். பரீட்சைப் பயமும் அப்படித்தான். 2008-ல் வந்த கொரியப் படம் 'டெத் பெல்' கதையைக் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தனி வகுப்பில் வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேள்வி கேட்கிறது, சரியாக விடை சொல்லாவிட்டால் ஒருவர் சாவார். ஓ லெவல் எழுதிய எந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு மேல் ஒன்று, அவமானத்துக்குக் கணக்குத் தீர்ப்பது. தமிழில் 2018-ல் ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' பெரிய படம், துப்பறியும் படம். அங்கேயும் பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொல்கிறவனின் பின்கதையைத் தேடிப் போனால், உருவத்துக்காகக் கேலி செய்யப்பட்ட ஒரு பள்ளிச் சிறுவனிடம்தான் கொண்டு போய் நிறுத்துகிறது. எனக்கு அந்தப் படம் பிடித்தது, ஆனால் ஒரு வருத்தமும் இருக்கிறது. கேலி செய்யப்பட்டவன் ஒருநாள் அரக்கனாகத்தான் மாறுவான் என்று படத்துக்குப் படம் சொன்னால், வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். பயத்தை ரசிப்பது பாவமா?

நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது. நகை, உவகை, பெருமிதத்தோடு அச்சத்துக்கும் இளிவரலுக்கும் அதே வரிசையில் இடம் இருக்கிறது. அச்சம் எதனால் வரும் என்றும் பிரித்துச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், நமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. எதைப் போட்டுச் சமைக்கின்றன என்று படித்தால் இன்றைய படங்கள் சைவமாகத் தெரியும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி அம்மன் சன்னிதி இருக்கிறது. மடியில் ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிற கோலம், காலடியில் கொடுங்கோல் அரசன். சின்ன வயதில் நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பேன். ஆனால் அந்தச் சன்னிதிக்கு யார் வருகிறார்கள்? கைக்குழந்தையோடு, பிரசவமாகி ஒரு மாதம் கழிந்த தாய்மார்கள் வருகிறார்கள். அந்தப் பயங்கரமான கோலம் பிள்ளையைக் காப்பாற்றுவதற்கானது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ரத்தத்தைப் பார்த்ததாலோ, பயந்து கத்தியதாலோ பாவம் வந்துவிடாது. தம்பியின் அம்மாவிடம் நான் இதைத் தைரியமாகச் சொல்வேன். என் கேள்வி வேறு. படம் ஓடும்போது என் மனம் என்ன செய்துகொண்டிருந்தது? பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. யார் முதலில், யார் அடுத்து, யாருக்கு இன்னும் கொஞ்சம் வலிக்க வேண்டும் என்று. இந்த வகைப் படம் அந்தப் பட்டியலுக்கு ரொம்ப ஒத்தாசை செய்யும். சாகப்போகிறவனை முதலிலேயே கெட்டவனாகவோ, திமிர் பிடித்தவளாகவோ காட்டிவிடும். செத்த பிறகு அவனுக்காக யாரும் அழ மாட்டார்கள். அழ நேரம் கிடையாது, அடுத்த ஆள் காத்திருக்கிறான்.

2021 ஜூலை 19-ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயது மாணவனை 16 வயது மாணவன் கோடரியால் கொன்றான். இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. அவன் கடுமையான மனச்சோர்வு நோயில் இருந்தான் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டு 2023 டிசம்பரில் 16 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்தச் சம்பவத்துக்கும் சினிமாவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அப்படிப் போடுவது இரண்டு குடும்பங்களின் துயரத்தை நம் வாதத்துக்குப் பயன்படுத்துவதாகிவிடும். எனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பள்ளி வாசலில் பூங்கொத்துகள் குவிந்திருந்த படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். நான் ஐந்தாறு தடவை ரசித்துப் பார்த்தேனே, அந்தப் படத்தில் ஒரு பூங்கொத்துகூடக் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. சாவுக்குப் பிறகு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பள்ளிப் பை இருக்கிறது என்பதைக் காட்டாமல் விடுவதால்தான் அந்தப் படத்தை நிம்மதியாக ரசிக்க முடிகிறது.

இதே மாதிரியான ஓர் இரவை நம் மகாபாரதமும் சொல்கிறது. சௌப்திக பர்வம். பதினெட்டாம் நாள் போர் முடிந்துவிட்டது. துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மன் மூவரும் ஓர் ஆலமரத்தடியில் இரவைக் கழிக்கிறார்கள். மற்ற இருவரும் தூங்கிவிட, அசுவத்தாமனுக்குத் தூக்கம் வரவில்லை. தந்தை துரோணரைப் பொய் சொல்லி ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்து கொன்றது அவன் நெஞ்சில் எரிகிறது. அப்போது மரத்தில் ஓர் ஆந்தை சத்தமில்லாமல் வந்து, தூங்கும் காகங்களை ஒவ்வொன்றாகக் கொல்கிறது. அவன் அதைப் பார்க்கிறான். எப்படிச் செய்வது என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போவார்களா என்ற கேள்விக்கு வியாசர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆந்தைகள் தினமும் காகங்களைக் கொல்கின்றன. எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் புரண்டு படுத்திருப்பார்கள். ஆந்தை அசுவத்தாமனுக்கு வழியைக் காட்டியது. எரிச்சலை அது கொடுக்கவில்லை, அது முன்பே உள்ளே இருந்தது. அதற்காக ஆந்தைக்கு ஒரு பங்கும் இல்லை என்றும் சொல்ல முடியாது. எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியம்தான்.

அசுவத்தாமன் கிருபரை எழுப்பிச் சொல்கிறான். கிருபர் அவனுக்குத் தாய்மாமன். தூங்குகிறவர்களைக் கொல்வது அதர்மம், இப்போது படுத்துத் தூங்கு, காலையில் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று நல்ல புத்திதான் சொல்கிறார். அவன் கேட்கவில்லை. அதன் பிறகு கிருபர் செய்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவனோடு போகிறார். அவன் உள்ளே போனதும் கிருபரும் கிருதவர்மனும் பாசறை வாசலில் நின்று, தப்பி ஓடி வருகிறவர்களைக் கொல்கிறார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உயர்நிலை இரண்டு ஞாபகம் வரும். அந்த வருடம் கடைசியில் அந்த நால்வரும் என்னை விட்டுவிட்டார்கள். வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார்கள். திக்கித் திக்கிப் பேசுகிற, குள்ளமான ஒரு பையன். அவன் பேசுவதைப் போலப் பேசிக் காட்டுவார்கள், வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்தேன். இந்த முறை நான் இல்லை என்ற நிம்மதியில் மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அவன் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். அவன் வீட்டிலும் ஒரு விசிடி இருந்திருந்தால், அவன் ஒட்டிக்கொண்ட முகங்களில் என் முகமும் இருந்திருக்கும். மார்ட்டி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த நான், வாசலில் நின்றவர்களில் ஒருவன். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

பாசறைக்குள் நடந்ததை வியாசர் மறைக்கவில்லை. ஆனால் செத்தவர்களுக்குப் பெயர் கொடுக்கிறார். பிரதிவிந்தியன், சுதசோமன், சுருதகர்மன், சதானீகன், சுருதசேனன் என்று திரௌபதியின் ஐந்து பிள்ளைகள். ஒரு தேரோட்டி மட்டும் தப்பி வந்து செய்தி சொல்கிறான். கதை அதோடு முடியவில்லை, தாயிடம் போகிறது. வியாச பாரதத்தில் திரௌபதி முதலில் பழிக்குப் பழி கேட்டு உண்ணாமல் உட்காருகிறாள், கடைசியில் அசுவத்தாமனின் தலைமணியோடு மனம் ஆறுகிறாள். பாகவதத்தில் அர்ச்சுனன் அவனைக் கட்டி இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்துகிறான். அவனை விட்டுவிடச் சொல்கிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல அவன் தாயும் அழ வேண்டாம் என்கிறாள். யாருக்காவது பட்டியல் போடும் உரிமை இருந்தால் அது அவளுக்குத்தான் இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் தீமிதிக்காக, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீ மாரியம்மன் கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடக்கிறோமே, அது இந்தத் திரௌபதிக்கான நடை. அவள் தீயைக் கடந்தவள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடச் சுடுகிற ஒன்றையும் அவள் கடந்தாள் என்பதையும் நடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எங்கள் குழுவில் உள்ள ஓர் அக்காவிடம் சொன்னேன். அவர் இந்தப் படங்களின் பெரிய ரசிகை. "தம்பி, நீ உன் கதையை எல்லார் தலையிலயும் கட்டுற. நான் கொல்றவனைப் பார்க்கப் போறதில்ல. கடைசில ஒரு பொண்ணு நிப்பா பாரு, எல்லாரும் ஓடி ஒளியுறப்ப யோசிச்சுத் தப்பிக்கிறவ, அவளைப் பார்க்கத்தான் போறேன்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேரல் குளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1992-ல் வெளியிட்ட நூலில் இந்தக் 'கடைசிப் பெண்'ணைப் பற்றித்தான் விரிவாக எழுதினார். இளைஞர்கள் கொலைகாரன் பக்கம் மட்டுமே நின்று பார்ப்பதில்லை, பயந்து, தாக்குப்பிடித்துத் தப்பிக்கிற அந்தப் பெண்ணோடும் தங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆக, ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று பார்க்க முடியும். அதனால்தான் படத்தின் பெயரை மட்டும் வைத்துப் பாவம், புண்ணியம் சொல்ல முடியாது. என்.சி.16, எம்18 என்ற வயது முத்திரையை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது நம் வயதை மட்டும்தான் கேட்கும். நீ யார் பக்கம் நின்று பார்க்கிறாய் என்று அது கேட்காது, நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு தம்பி சீக்கிரமே வந்தான். ஆந்தைக் கதையைச் சொன்னேன். பாவம் இல்லை என்றேன். "ஆனா ஒண்ணு கேக்கிறேன். படத்துல சாகுறவங்களுக்கு நீ யார் முகத்தையாவது வைக்கிறியா?" அவன் தரையைப் பார்த்தான். நான் வைத்தேன் என்று சொன்னேன். நாற்காலி துடைத்த கதையைச் சொன்னேன், திக்கிப் பேசிய பையனைப் பார்த்துச் சிரித்ததையும் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "மூணு பேருண்ணா" என்றான்.

அந்த மூவரைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவன் சம்மதத்தோடு அவன் அம்மாவிடம் பேசினேன். இப்போது அவன் வகுப்பாசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் தெரியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று பேரில் ஒருவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், மற்ற இருவரும் கேட்கவில்லை. கிருபர் மாதிரி நல்ல புத்தி சொல்லிவிட்டு அவனைத் தனியாக விடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாரா வாரம் விசாரிக்கிறேன்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் யாருக்காவது அப்படி ஒரு பட்டியல் மனதில் இருந்தால், அதற்காக உங்களை நீங்களே அசிங்கமாக நினைக்க வேண்டாம். எனக்கும் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாக விழித்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமோ, வகுப்பில் எங்களில் ஒருவரிடமோ சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியாத இரவாக இருந்தால் எஸ்.ஓ.எஸ். அமைப்பின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் ஒருவர் எடுப்பார்.

தம்பி போன வாரம் கேட்டான், "அப்ப படம் பார்க்கலாமாண்ணா?" வயது வந்ததும் சேர்ந்தே பார்க்கலாம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். படத்தில் யாராவது செத்தால், அவர்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

"அப்புறம் படம் எப்படிண்ணா ஜாலியா இருக்கும்?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.